புழலுக்குப் போன மோதிரமும் கோர்ட்டுக்குப் போன போனும்

ஒரு அடிதடி வழக்கில் தம்பியை ரிமாண்ட் செய்து புழல் சிறைக்கு அனுப்பியபோது, வீட்டில் எல்லோருக்கும் ஜாமீன் கவலைதான். போனும் மோதிரமும் யாரிடம் இருக்கிறது என்று கேட்டது அம்மா மட்டும். சீட்டு எடுத்த பணத்தில் அவர் செய்துபோட்ட மோதிரம் அது.

ஸ்டேஷனில் கேட்டால், “எல்லாம் ஜெயிலுக்குப் போயிடுச்சு” என்றார்கள். சரி என்று, மனு பார்க்க, அதாவது சிறையில் அவனைச் சந்திக்கப் போன அன்று தம்பியிடமே விசாரித்தேன். சுற்றிலும் ஒரே கூச்சல். “மோதிரம், வாட்ச், பர்ஸ் எல்லாம் உள்ள வரும்போது நோட்டுல எழுதிக் கையெழுத்து வாங்கினாங்கண்ணா. போன் ஸ்டேஷன்லயே எடுத்துக்கிட்டாங்க” என்றான்.

வக்கீல் சொன்ன பிறகு விஷயம் பிடிபட்டது. கைதானவரிடம் எடுத்த பொருட்களுக்குப் போலீஸ் ரசீது தர வேண்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 49-ஆம் பிரிவு. எங்களுக்கு யாரும் தரவில்லை, அது வேறு கதை. வழக்குக்கு வேண்டும் என்று கைப்பற்றியவை ஃபார்ம் 95 என்ற பொருள் பட்டியலில் ஏறிக் கோர்ட்டுக்குப் போய்விடும். ஆளோடு சிறைக்குள் போகும் பணமும் பொருளும், 1894-ஆம் ஆண்டு சிறைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி, ஜெயிலர் பொறுப்பில் இருக்கும். போனுக்காகச் சிறை வாசலில் நின்று பயனில்லை. விசாரணைக் கைதி என்பதால் சொந்த உடையே போட்டுக்கொள்ளலாம். நாங்கள் கொண்டுபோன கைலி, சட்டைகளைத் தையல் தையலாகத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள்.

ஜாமீன் உத்தரவு போய்ச் சேர்ந்து, ஒரு மாலையில் அவன் வெளியே வந்தான். பொருட்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே விட்டார்களாம். நோட்டில் ‘மஞ்சள் நிற உலோக மோதிரம்’ என்றுதான் எழுதியிருந்தார்கள் என்று கேட்டதும் அம்மாவுக்குக் கோபம். “தங்கம்னு எழுதினா என்னவாம்?” எழுதுகிறவரிடம் உரைகல்லா இருக்கிறது? கண்ணில் படுவதைத்தான் எழுதுவார்கள். அதனால் கல் பதித்ததா, பெயர் பொறித்ததா என்பதை உள்ளே போகிறவர்தான் கேட்டு எழுதவைக்க வேண்டும்.

போன்தான் இழுத்தடித்தது. அதைத் திரும்பக் கேட்டு எழும்பூர் கோர்ட்டில் அதே சன்ஹிதாவின் 503-ஆம் பிரிவில் மனுப் போட்டோம். கைப்பற்றிய பொருளைத் தேவையில்லாமல் மாதக்கணக்கில் முடக்கி வைக்கக் கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொன்னதை வக்கீல் அதில் சேர்த்திருந்தார். போன் தம்பியுடையதுதான் என்று காட்ட, பில்லோடு ஐஎம்இஐ எண் ஒட்டிய டப்பாவும் உதவியது. நல்லவேளை, அம்மா அதில் ஊசி நூல் போட்டு வைத்திருந்தார்.

விற்க மாட்டேன், கேட்கும்போது கொண்டுவருவேன் என்று பாண்ட் எழுதிக்கொடுத்துப் போனை வாங்கினான். வழக்கு முடியும்வரை எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் பக்கமே போகாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.