எங்க ஹோட்டல்ல டிஷ்வாஷருக்கு ஆளுங்களைப் பழக்கின கதை

கோயம்புத்தூர்ல ஒரு சைவ டிபன் ஹோட்டல்ல மேனேஜரா இருக்கேன். போன வருஷம் ஹூட் டைப் டிஷ்வாஷர் ஒண்ணு போட்டோம், மேல இருக்கற மூடியைக் கீழ இறக்கினா தானா ஓட ஆரம்பிக்கும்ல, அந்த மாடல். இதை வாங்கிட்டு கொஞ்ச நாள்லயே ஓரமா தள்ளி, மேல காலி எண்ணெய் டின் அடுக்கி வெச்சிருக்கற ஹோட்டல்களை நான் பாத்திருக்கேன். மெஷின் நல்லாத்தான் இருக்கும், ஆளுங்களுக்குப் பழகியிருக்காது. வாங்கப் போறவங்களுக்கு உதவுமேன்னுதான் இதை எழுதறேன்.

மெஷினை மாட்டின அன்னிக்கு கம்பெனில இருந்து ஒரு தம்பி வந்து டெமோ காட்டினார். ஷெல்ஃப்ல இருந்து கழுவி வெச்ச தட்டையே எடுத்து ரேக்ல, அதாவது மெஷினுக்குள்ள தள்ளற கூடைல அடுக்கி, மூடியை இறக்கி, ஒண்ணரை நிமிஷம் கழிச்சு எடுத்து "பாருங்க சார், எப்படி மின்னுதுன்னு"ங்கறார். எங்க வாஷிங்ல ரொம்ப வருஷமா இருக்கற அக்கா பின்னாடி நின்னுட்டு, "அது முன்னாடியே மின்னிட்டுதானுங்க சார் இருந்துச்சு, சாம்பார் காஞ்ச தட்டை வெச்சுக் காட்டச் சொல்லுங்க"ன்னாங்க. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு, இந்த அக்கா மனசு வெச்சாத்தான் மெஷின் ஓடும்னு.

அதுக்கும் முன்னாடி ஒரு விஷயம். மெஷின் வருதுன்னு கேள்விப்பட்டதுமே வாஷிங்ல இருக்கறவங்களுக்கு வேலை போயிருமோன்னு பயம். வாய்விட்டுக் கேக்க மாட்டாங்க, ஆனா மூஞ்சில தெரியும். முதலாளியை விட்டே பேச வெச்சேன், யாரையும் அனுப்பப் போறதில்ல, ரெண்டு பேர் மெஷின்கிட்ட, மத்தவங்க பெரிய பாத்திரமும் காய் நறுக்கறதும், சம்பளம் அதேதான்னு. இதைச் சொல்லாம ட்ரெயினிங் ஆரம்பிக்காதீங்க, என்ன சொன்னாலும் காதுல ஏறாது.

சரி, பட்டனை அமுக்கறதை யார் வேணா அரை மணி நேரத்துல கத்துக்குவாங்க. கஷ்டம் பூரா தட்டு மெஷினுக்குள்ள போறதுக்கு முன்னாடி இருக்கு. நம்ம ஊர் எச்சித் தட்டுல என்னென்ன இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, வட்டமா வெட்டின வாழையிலை, கருவேப்பிலை, கடுகு, சாம்பார்ல வந்த முருங்கைக்காய் சக்கை, டிஷ்யூ, பல்குத்தற குச்சி. இலையை மட்டும் வழிச்சுப் போட்டுட்டு அப்படியே ரேக்ல வெச்சுத் தள்ளிட்டிருந்தாங்க. "மெஷின்தான் கழுவுதுல்ல, நாம எதுக்கு ரெண்டு தடவை கழுவணும்"னு கேள்வி, கேக்கறதுலயும் நியாயம் இருக்கு.

எத்தனை தடவை வாயால சொல்லியும் நடக்கல. ஒரு ஞாயித்துக்கிழமை காலை டிபன் கூட்டம் முடிஞ்சதும் எல்லாரையும் கூப்பிட்டு, மூடியைத் தூக்கி, உள்ள இருக்கற ஃபில்டர் தட்டை வெளிய எடுத்துக் காட்டினேன். டேங்க் தண்ணி சாம்பார் கலர்ல இருக்கு, மேல எண்ணெய் படலம். அதுவரைக்கும் எல்லாரும் என்ன நெனச்சிருக்காங்கன்னா ஒவ்வொரு ரேக்குக்கும் புதுத் தண்ணி வருதுன்னு. அப்படி இல்ல, சோப்புத் தண்ணி டேங்க்லயே இருக்கும், பம்ப் அதையேதான் திரும்பத் திரும்ப மேலயும் கீழயும் பீச்சும், கடைசியா அலசறதுக்கு மட்டும் ரெண்டு மூணு லிட்டர் புது சுடுதண்ணி. "அப்ப மொத தட்டு எச்சியிலதான் கடைசித் தட்டைக் கழுவறமா?"ன்னு அக்கா கேட்டாங்க பாருங்க, அன்னிக்கே பாதி வேலை முடிஞ்சுது. மறுநாள்ல இருந்து ஸ்ப்ரே பைப்புல அடிக்காம ஒரு தட்டு ரேக்குக்குப் போகாது, யாராவது அப்படியே வெச்சா அக்காவே சத்தம் போடுவாங்க. கூட்டம் ஜாஸ்தியா இருக்கற நாள்ல நடுவுல ஒருதடவை டேங்க்கை காலி பண்ணி புதுசா நிரப்பவும் அவங்களா முடிவு பண்ணினதுதான்.

இட்லித் தட்டு வேற மாதிரி. காஞ்ச மாவை சூடா அடிச்சா ஒட்டிப் பிடிச்சுக்கும், அதனால எடுத்ததும் பச்சைத் தண்ணில ஊற வெச்சுரணும். இதை நான் யாருக்கும் சொல்லித் தரல, அவங்கதான் எனக்குச் சொன்னாங்க. அலுமினியப் பாத்திரத்தை உள்ள விடவே விடாதீங்க, மெஷின் சோப்புல காரம் (ஆல்கலி) ஜாஸ்தி, கருத்துப் போயிரும். பித்தளை, தோசைக்கல், மரக்கரண்டி எல்லாம் கையிலதான். அண்டாவை எப்படியாச்சும் உள்ள நுழைச்சுரலாம்னு ஒருத்தர் ரொம்ப நாள் முயற்சி பண்ணினார், விட்டுட்டார்.

அடுக்கறதுல டம்ளர் டவராதான் தகராறு. இடம் மிச்சம் பண்றேன்னு ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி வெச்சா உள்ள தண்ணியே போகாது, காபிக் கறை அப்படியே இருக்கும். எல்லாம் கவுத்து, தனித்தனியா. மூடியை இறக்கறதுக்கு முன்னாடி கீழ இருக்கற ஸ்ப்ரே கையை, அதான் சுத்திச் சுத்தித் தண்ணி பீச்சற குழாயை, விரலால ஒரு சுத்து சுத்திப் பாக்கணும், ஏதாவது கரண்டி இடிச்சு நின்னுபோச்சுன்னா பாதித் தட்டு அழுக்காவே வரும்.

எங்க ஒடிசா பசங்கள்ல ஒருத்தன், நுரையே வரலயேன்னு கை கழுவுற லிக்விடை எடுத்து டேங்க்ல ஊத்திட்டான். நுரை மூடி இடுக்குல எல்லாம் பொங்கி தரை பூரா வழுக்குது, பம்ப் சத்தம் மட்டும் வருது, தண்ணி வேகமே இல்ல. மொத்தத்தையும் வடிச்சு ரெண்டு தடவை வெறும் தண்ணி ஓட்டி எடுத்தோம். நுரை வந்தாத்தான் சோப்புன்னு நாம எல்லாருமே பழகியிருக்கோம், அவனைத் திட்டி என்ன ஆகப் போகுது. அவங்களுக்குத் தமிழ்ல எழுதி ஒட்டினா பிரயோஜனம் இல்ல, ஹிந்தில எழுதினாலும் படிக்கறவங்க கம்மி. அதனால கலர் டேப். சோப்பு கேனுக்கும் அதோட ட்யூபுக்கும் சிவப்பு, கடைசி அலசலுக்கான ரின்ஸ் எய்ட் கேனுக்கு நீலம், சிவப்பு சிவப்புக்குத்தான். கேன் மாத்தறப்ப ட்யூப் மாறிப் போச்சுன்னா தட்டு பூரா சோப்போட வெளிய வரும். கையில கிளவுஸ் கண்டிப்பா, பட்டா தோல் வெந்துரும். அதைவிட முக்கியம், மிச்சத்தை தண்ணி பாட்டில்ல ஊத்தி வெக்கவே கூடாது, சமையல்கட்டுல தாகத்துக்கு எந்த பாட்டிலை யார் எடுப்பாங்கன்னு சொல்ல முடியாது.

ஆனா எதை மாத்தறதுக்கும் இவ்ளோ பாடுபடல, துண்டு இருக்கே, அதை அவங்க கையில இருந்து வாங்கறதுக்குத்தான். கடைசி அலசல் 82 டிகிரிக்கு மேல இருக்கும், தட்டு அந்த சூட்டுலயே ஒரு நிமிஷத்துல தானா காஞ்சுரும். ஆனா கை சும்மா இருக்காது, தோள்ல கெடக்கற ஈரத் துண்டை எடுத்து ஒரு துடை. அந்தத் துண்டுலதான் மேஜையும் துடைச்சிருப்பாங்க! அவ்ளோ சூட்டுல கழுவினதுக்கு அர்த்தமே இல்லாம போயிருது. கடைசில மெஷின்கிட்ட துண்டே இருக்கக் கூடாதுன்னு எடுத்துட்டோம், அப்புறம் சட்டை நுனியால துடைச்சாங்க, அதையும் பேசிப் பேசித்தான் நிறுத்தினோம்.

தண்ணி பத்தி ஒரு வார்த்தை. சிறுவாணித் தண்ணி முழுசா கெடைக்கற எடம்னா பிரச்சனை கம்மி, எங்களுது போர் தண்ணி, கடினத் தண்ணியை மென்மையாக்கற சாஃப்ட்னர் இல்லாம ஓட்டினா ஹீட்டர்லயும் தண்ணி பீச்சற நாசில்லயும் உப்பு படிஞ்சுரும். சாஃப்ட்னருக்கு உப்பு போடற வேலையை ஒரே ஆள் பேர்ல வெச்சுட்டோம், எல்லாரும் பாத்துக்குங்கன்னு சொன்னா யாரும் பாக்க மாட்டாங்க. டம்ளர்ல வெள்ளை வெள்ளையா புள்ளி தெரிஞ்சா சோப்பைக் கூட்டாதீங்க, மொதல்ல சாஃப்ட்னர்ல உப்பு இருக்கான்னு பாருங்க.

ராத்திரி மூடறப்ப வடிச்சுட்டு, ஃபில்டரையும் ஸ்ப்ரே கையையும் கழட்டி, நாசில்ல மாட்டின கடுகைக் குத்தி எடுத்துட்டு, மூடியைத் தொறந்தே விடணும், இல்லாட்டி காலைல நாத்தம் தாங்காது. மின்வாரியம் மாசத்துக்கு ஒருநாள் பராமரிப்புன்னு கரண்ட் எடுக்கறப்ப எங்க ஜெனரேட்டர் இந்த லோடை இழுக்காது, அதனால பழைய சிங்க் மூணையும் எடுக்காம வெச்சிருக்கோம், அன்னிக்கு எல்லாரும் கையிலதான். புதுசா சேர்றவங்களுக்கு இப்ப அக்காதான் ட்ரெயினிங், மொத வாரம் பூரா வழிக்கற பக்கம்தான் நிக்கணும், மெஷின் மூடியைத் தொட விட மாட்டாங்க.