ஐஸ் பெட்டியில் வந்த பொட்டாசியம்

பொட்டாசியம் என்றால் லேபில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் பயம்தான். ரத்தத்தில் அது லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருந்தால் சரி. ரொம்ப ஏறினால் இதயத்துக்கு ஆகாது என்பதால் உடனே டாக்டருக்குப் போன் போட வேண்டும். ஆனால் மெஷின் காட்டும் எண் நோயாளியின் உடம்பில் இருந்த எண்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தாலே பொட்டாசியம் ஏறிக் காட்டும்.

நாலைந்து வருடத்துக்கு முன் கொடைக்கானலிலிருந்து வரும் சாம்பிள்களில் பொட்டாசியம் திடீரென்று ஏறத் தொடங்கியது. 5.6, 5.9, 5.7. அங்கே எங்களுக்கு ஒரு சின்ன கலெக்‌ஷன் சென்டர். காலை 7 மணிக்கு எடுத்த ரத்தம் மலையிறங்கி பஸ்ஸில் வந்து சேர மதியம் ஆகிவிடும். அப்போதுதான் பழைய ஆள் போய் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். படிப்பு முடித்த கையோடு முதல் வேலை. அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

போன் போட்டேன். "ஏம்மா, டூர்னிகெட்டை ரொம்ப நேரம் கட்டி வைக்கிறியா? கையை மூடி மூடித் திறக்கச் சொல்றியா? சிரிஞ்சிலிருந்து வேகமாத் தள்ளுறியா?" (டூர்னிகெட் என்பது ரத்தம் எடுக்கும்போது கையில் இறுக்கிக் கட்டும் பட்டை.) மூன்றுமே பொட்டாசியத்தை ஏற்றிக் காட்டக்கூடியவை, கேள்வியில் தப்பில்லை. பதிலைக் காதில் வாங்கும் எண்ணம்தான் எனக்கு இல்லை. மூன்றுக்கும் "இல்லைங்க சார்" என்றாள். புதுசு, தெரியாமல் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டு பதிவேட்டில் எழுதினேன்: 'ரத்தம் எடுக்கும் முறை சரியில்லை. பயிற்சி தேவை.'

இன்றும் உறுத்துவது வேறு ஒன்று. சிவப்பணு உடைந்தால் சீரம் (ரத்தத்தைச் சுற்றிப் பிரித்ததும் மேலே நிற்கும் தெளிந்த நீர்) சிவந்துவிடும். அவள் அனுப்பியவை எல்லாம் நல்ல வைக்கோல் நிறம். டியூபை நானே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பார்த்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத அளவு உடைந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கண்ணுக்கே தெரியாத அளவு உடைந்தால் பொட்டாசியம் ஒரு புள்ளி ஏறாது என்று எனக்குத் தெரியாதா என்ன?

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு டாக்டர் கூப்பிட்டார். "உங்க ரிப்போர்ட்ல 5.9. ஈசிஜி நார்மலா இருக்கு. இங்க உடனே திரும்ப எடுத்தா 4.6 வருது. என்னப்பா நடக்குது அங்க?"

அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணிடம் மறுபடி பேசினேன். காலையில் கதவைத் திறப்பதிலிருந்து என்னென்ன செய்கிறாய், வரிசையாகச் சொல்லு என்றேன். சொன்னாள். அங்கிருந்த சென்ட்ரிஃபியூஜ் (டியூபை வேகமாகச் சுற்றி அணுக்களையும் சீரத்தையும் பிரிக்கும் மெஷின்) அவள் சேர்ந்த வாரமே கெட்டுப்போயிருக்கிறது. மேனேஜரிடம் கேட்டதற்கு, "சுத்தாம அனுப்பு, கீழ சுத்திக்குவாங்க" என்றிருக்கிறார். எங்கள் லேபில் டியூபைப் பிரித்துச் சுற்றுவது வேறு ஆட்கள். என் மேஜைக்கு வரும்போது எல்லா டியூபும் ஒரே மாதிரிதான் இருக்கும். "பஸ்ல கெட்டுடக் கூடாதேன்னு டியூபுக்கு நாலு பக்கமும் நிறைய ஐஸ் பேக் வச்சேன் சார்" என்றாள்.

அங்கேதான் விஷயம். அணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே இருப்பதைவிட 20 மடங்குக்கு மேல். அதை உள்ளேயே வைத்திருக்க ஒவ்வொரு அணுவிலும் பம்ப் மாதிரி ஒன்று ஓயாமல் வேலை செய்கிறது. குளிரில் அது மந்தமாகிவிடும். அணு உடையாமலே பொட்டாசியம் கசியும், சீரமும் சிவக்காது. சுற்றிப் பிரித்த சீரத்தை ஐஸில் வைத்தால் கெடுதல் இல்லை. சுற்றாத ரத்தத்துக்கு அதே ஐஸ்தான் வினை.

அப்போதும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை (பிடிவாதம்தான்). என் கையிலிருந்தே இரண்டு டியூப் ரத்தம் எடுத்து, ஒன்றை மேஜையிலும் ஒன்றை ஃப்ரிட்ஜிலும் 6 மணி நேரம் வைத்துச் சுற்றினேன். 4.1, 4.9.

ஆள் மாறியதும் சென்ட்ரிஃபியூஜ் கெட்டதும் ஒரே வாரம். முதலாவது எனக்குத் தெரியும், இரண்டாவது தெரியாது. தெரிந்ததன் தலையில் பழியைப் போட்டுவிட்டேன். அந்த இடத்தில் பத்து வருட அனுபவசாலி ஒருவர் இருந்திருந்தால், "என்ன சார் ஆச்சு?" என்று முதல் நாளே கேட்டிருப்பேன்.

அடுத்த வாரம் சென்ட்ரிஃபியூஜை ரிப்பேர் செய்து மலைக்கு அனுப்பினார்கள். அப்புறம் ஒருநாள் அவளே போன் செய்து, "சார், இப்ப பொட்டாசியம் சரியா வருதா?" என்று கேட்டாள். வருதும்மா என்றேன். பதிவேட்டில் எழுதிய வரியை அதற்குள் அடித்துவிட்டிருந்தேன். ஆனால் அப்படி ஒன்று எழுதியிருந்ததை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.