பதினாறு எங்கே போனது

ஜூன் 3

சின்னக் கணக்கில் தொடங்கினேன். மூன்று மாறிகளில் (2,1) வடிவத்தின் ஷூர் சார்பு, அதாவது கட்டங்களை எண்களால் நிரப்பிய ஒவ்வொரு அட்டவணைக்கும் ஒரு பெருக்கல் எழுதி (1-க்கு x₁, 2-க்கு x₂, 3-க்கு x₃) எல்லாவற்றையும் கூட்டினால் வரும் கோவை. மேலே இரண்டு கட்டம், கீழே ஒன்று. நிரையில் எண் குறையக் கூடாது, நிரலில் கீழே போகப் போக ஏறியே ஆக வேண்டும். 1, 2, 3 கொண்டு நிரப்பினால் எட்டு அட்டவணைகள், அதில் மூன்று எண்களும் வருபவை இரண்டு. நிரப்பும் விதியைப் பார்த்தால் இதில் சமச்சீர் (மாறிகளை இடம் மாற்றினாலும் மாறாத தன்மை) வரும் என்றே தோன்றாது, எட்டையும் எழுதிக் கூட்டியதும் வந்து நிற்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அழகுதான்.

ஜூன் 5

இன்று (2,1)-ஐ (2,1)-ஆலேயே பெருக்கி ஷூர் சார்புகளாகப் பிரிக்க வேண்டும். லிட்டில்வுட்டும் ரிச்சர்ட்சனும் 1934-இல் சொன்ன விதி, முழு நிரூபணம் வர 1970கள் ஆகிவிட்டன. விடையாகும் வடிவத்திலிருந்து முதல் (2,1)-ஐ எடுத்து, மிஞ்சும் கட்டங்களை இரண்டு 1, ஒரு 2 கொண்டு அதே நிரப்பும் விதிப்படி நிரப்ப வேண்டும், மேலிருந்து கீழாக, நிரைகளை வலமிருந்து இடமாக வாசிக்கையில் 2-கள் 1-களை முந்தக் கூடாது, அப்படி எத்தனை நிரப்பல்களோ அத்தனை முறை அந்த வடிவம் வரும். எனக்கு வந்த விடை: (4,2), (4,1,1), (3,3), (3,2,1), (3,1,1,1), (2,2,2), (2,2,1,1), எல்லாம் ஒவ்வொரு முறை. நிரையை நிரலாக்கினால் (2,1) மாறாது, அதனால் விடையும் மாறக் கூடாது. மாற்றிப் பார்த்தேன், அப்படியே இருந்தது. சரி என்று மூடி வைத்தேன்.

ஜூன் 6

சரியில்லை. காலையில் 1 முதல் 6 வரை ஒவ்வொரு எண்ணும் ஒரே முறை வரும் அட்டவணைகளை எண்ணிச் சரிபார்த்தேன். இடப்பக்கம் ஆறு எண்களை மும்மூன்றாகப் பிரிக்க 20 வழி, ஒவ்வொரு (2,1)-க்கும் 2 அட்டவணை, ஆக 20×2×2 = 80 வர வேண்டும். வலப்பக்கம் அந்த ஏழு வடிவங்களின் அட்டவணைகள் 9+10+5+16+10+5+9, வெறும் 64.

குறைவது 16. (3,2,1)-இன் கொக்கி நீளங்கள் (ஒவ்வொரு கட்டத்துக்கும் அதையும் அதன் வலப்பக்கமும் கீழும் உள்ள கட்டங்களையும் எண்ணினால் வருவது) 5, 3, 1, 3, 1, 1, பெருக்கினால் 45, அட்டவணை எண்ணிக்கைக்கு 6×5×4×3×2×1 = 720-ஐ 45-ஆல் வகுத்தால் அதே 16! அப்படியானால் (3,2,1) இரண்டு முறை வர வேண்டும். பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். (3,2,1)-இலிருந்து (2,1)-ஐ எடுத்தால் ஒன்றையொன்று தொடாத மூன்று கட்டங்கள் மிஞ்சும், அவற்றில் மேலிருந்து கீழாக 1, 1, 2 என்று மட்டும் நிரப்பிவிட்டு நகர்ந்திருக்கிறேன், ஆனால் 1, 2, 1 என்றாலும் எந்த இடத்திலும் 2-கள் 1-களை முந்துவதில்லை, அதுவும் செல்லும். நிரை–நிரல் சோதனையில் இது ஏன் மாட்டவில்லை என்றால், (3,2,1)-ஐத் திருப்பினாலும் அதே (3,2,1)தான், ஒன்று விடுபட்டாலும் பட்டியல் சமச்சீராகவே தெரியும். இது மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது.

ஜூன் 7

வேறு வழியிலும் பார்க்காமல் மனம் ஆறவில்லை. (2,1)-இன் ஷூர் சார்பு என்பது (2)-ஐயும் (1)-ஐயும் பெருக்கி (3)-ஐக் கழித்தது. ஒற்றை நிரை வடிவத்தால் பெருக்குவதற்கான பியரி விதிப்படி, மற்ற (2,1)-உடன் முதலில் ஒரு கட்டம் சேர்த்தால் (3,1), (2,2), (2,1,1). அப்புறம் ஒரே நிரலில் இரண்டு விழாமல் இன்னும் இரண்டு கட்டம் சேர்த்தால், மூன்றிலிருந்தும் (3,2,1)-க்கு ஒவ்வொரு வழி. கழிக்க வேண்டிய (3)-க்கு, (2,1)-உடன் மூன்று கட்டத்தையும் ஒரேயடியாகச் சேர்க்க ஒரு வழி. மூன்றில் ஒன்று போக இரண்டு.