ஃபாங்ஜி பேப்பருக்குப் படிப்பவர்களுக்கு: வாய்விட்டுப் படியுங்கள்

ஃபாங்ஜி, அதாவது சீன மருந்துக் கலவைகள் பற்றிய பேப்பரின் முடிவு வந்துவிட்டது. தேறிவிட்டேன், எதிர்பார்த்ததைவிட நல்ல மதிப்பெண்ணோடு. செங்டுவுக்குச் சீன மருத்துவம் படிக்க வந்த வெளிநாட்டு மாணவர்கள் பலரை மறுதேர்வு வரை இழுத்தடிக்கும் பேப்பர் இது. கலவைகளின் பெயர்கள் இன்னும் வாயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடுத்து எழுதப் போகிறவர்களுக்காக இதை எழுதிவிடுகிறேன். கேள்வித்தாள் அமைப்பு, தேற 60 மதிப்பெண் என்ற கணக்கு எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

அடித்துச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. கலவைப் பாட்டுகளை, அதாவது ஒவ்வொரு கலவையின் சரக்குகளையும் அடுக்கும் பாட்டுகளை, வாய்விட்டுச் சொல்லிப் படியுங்கள். மனசுக்குள் படிப்பதும் ஹெட்போன் மாட்டிக் கேட்பதும் கணக்கில் வராது. உங்கள் வாய் சொல்ல வேண்டும், உங்கள் காது கேட்க வேண்டும்.

எங்களில் பெரும்பாலானோர் இந்தப் பாட்டுகளைத் தொடுவதில்லை. வரிக்கு ஏழு எழுத்து, அதில் பாதி பழஞ்சீனம், யார் மெனக்கெடுவது என்று அட்டவணை போட்டுவிடுகிறார்கள். கலவையின் பெயர், சரக்குகள், அளவு, வேலை என்று நாலு நிறத்தில். பார்க்க அழகாகத்தான் இருக்கும். தேர்வறையில் நாலாவது சரக்கு நினைவுக்கு வராமல் பேனா நின்றுவிடும். பாட்டு அப்படி நிற்காது, ஓசையே அடுத்த பெயரை இழுத்து வந்துவிடும். சிங் வம்ச வைத்தியர் வாங் ஆங் 1694-இல் இப்படிப்பட்ட பாட்டுகளைத் தொகுத்தார். 300 ஆண்டுகளுக்கு மேலாக இங்கே பிள்ளைகள் இந்த வழியில்தான் படிக்கிறார்கள். வாய்ப்பாடு ஒப்பித்து வளர்ந்தவர்கள் நாம், நம் சித்த வைத்தியமே பாட்டில்தான் வந்திருக்கிறது. நமக்கு இதில் என்ன தயக்கம்?

அளவுகளுக்கும் இதே வழிதான். லியூவெய் திஹுவாங் வான் என்ற மாத்திரையில் உள்ள ஆறு சரக்குகளின் விகிதம் 8, 4, 4, 3, 3, 3. முதல் மூன்றும் ஊட்டுபவை, பின் மூன்றும் வடிப்பவை. எண்களை ராகம் போட்டுச் சொல்லிப் பாருங்கள், மறக்கவே மறக்காது.

சொல்லி முடித்ததும் கையால் எழுதுங்கள். செல்போனில் பின்யின் (ஆங்கில எழுத்தில் சீன உச்சரிப்பு) தட்டினால் எழுத்து தானாக வந்து நிற்கும், நாம் தேர்ந்தெடுத்தால் போதும். அதையே எழுதத் தெரிவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்களுக்குத் திருத்தியவர் சரக்கின் பெயரில் ஒரு கோடு பிசகினாலும் மதிப்பெண்ணைக் குறைத்தார். அதில் எனக்கு மனக்குறை இல்லை. மருந்துச்சீட்டில் தவறான பெயர் போனால் குடிப்பது நோயாளிதானே.

இனி கேஸ் கேள்வி. ஒரு நோயாளிக்குக் காய்ச்சல், குளிர் தாங்கவில்லை, தலைவலி, நாடி மிதக்கிறது (லேசாகத் தொட்டாலே விரலுக்குத் தெரிகிறது). இதுவரை படித்தால் மாஹுவாங் தாங், குய்ஜி தாங் என்ற இரண்டு கஷாயங்களுமே பொருந்தும். தீர்ப்பது வியர்வை. வியர்க்கவில்லை, நாடி மிதந்து இறுக்கமாக இருக்கிறது என்றால் மாஹுவாங். வியர்க்கிறது, நாடி மிதந்து தளர்வாக இருக்கிறது என்றால் குய்ஜி. ஏற்கெனவே வியர்த்துக்கொண்டிருப்பவருக்கு மாஹுவாங் கொடுத்து மேலும் வியர்க்க வைத்தால் உடம்பு தாங்காது. கேள்வியில் இதை இரண்டே சீன எழுத்தில் சொல்லியிருப்பார்கள், நீளமான விவரத்தின் நடுவில். படிக்கும்போதே அடிக்கோடு போடுங்கள்.

குடிக்கும் முறையையும் கேட்பார்கள், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குய்ஜி தாங் குடித்த சிறிது நேரத்தில் நீர்க்கஞ்சியைச் சூடாகக் குடித்து, போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும். மேலெல்லாம் லேசாக வியர்த்தால் போதும், ஊற்றக் கூடாது. மாஹுவாங் தாங்குக்குக் கஞ்சி வேண்டாம். சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன் ஜாங் ஜோங்ஜிங் என்ற வைத்தியர் எழுதி வைத்த பக்குவம் இது. காய்ச்சலுக்குக் கஞ்சி குடித்து வளர்ந்த எனக்கு, மொத்தப் பாடத்திலும் ஒரே வாசிப்பில் மனதில் நின்றது இந்தப் பத்திதான்.

விடை எழுதும் வரிசை:
- நோயின் பெயர்
- நோய்க்கோலம் (குறிகள் சேர்ந்து காட்டும் வகை)
- ஏன் அந்தக் கோலம் (ஒவ்வொரு குறிக்கும் ஒரு வரி)
- சிகிச்சை முறை
- கலவை, அதன் சரக்குகளில் அரசன் (முதன்மையானது), அமைச்சன், துணைவன், தூதன் எவை

ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண். கலவை தவறினாலும் மேலே உள்ளவை காப்பாற்றும். கலவையில் கூடுதலாகச் சரக்கு சேர்த்தால் ஒன்றோடொன்று சேரக் கூடாத சரக்குகளைச் சொல்லும் 18 முரண்களின் பாட்டை ஒருமுறை முணுமுணுத்துவிடுங்கள். கான்சாவ், அதாவது அதிமதுரம், பாதிக் கலவைகளில் இருக்கிறது. அதோடு கான்சுய் என்ற சரக்கு சேரக் கூடாது.

என் அன்றாடம் எப்படி என்று கேட்பவர்களுக்கு:
- விடிந்ததும் வெளியே போய்ப் பாட்டு. சீன மாணவர்களும் மரத்தடியில் நின்று ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள், யாரும் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.
- வகுப்பில் முன்வரிசை. பலகையில் பேராசிரியர் வேகமாகக் கிறுக்கும் எழுத்து பின்னால் இருந்தால் புரியாது.
- மதியச் சாப்பாட்டுக்குப் பின் வளாகமே தூங்கும். நீங்களும் தூங்குங்கள்.
- மாலை நூலகம். இரவு புதுப் பாடம் வேண்டாம்.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. சேர்ந்து உட்கார்ந்தால் படிப்பு பாதி, பேச்சு பாதி. உங்களுக்கு ஒத்துவந்தால் சரி, ஆனால் பாட்டை மட்டும் தனியாகப் படியுங்கள்.

சரக்கு அடையாளம் காணும் செய்முறைத் தேர்வுக்கு ஒரு வார்த்தை. படத்தைப் பார்த்துப் படிக்காதீர்கள். தட்டில் கான்சாவ் சீவலும் ஹுவாங்ச்சி என்ற வேரின் சீவலும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். இரண்டும் மஞ்சள், இரண்டிலும் நடுவிலிருந்து கதிர் போல ரேகை. கிள்ளி வாயில் போட்டால் கான்சாவ் அழுத்தமாக இனிக்கும். ஹுவாங்ச்சியின் இனிப்பு லேசானது, மென்றால் வேகாத பயறின் வாசம் அடிக்கும். இதை ஆய்வகத்திலேயே பழகிக்கொள்ளுங்கள், எதை வாயில் வைக்கலாம் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு. பதப்படுத்தாத ஃபூஜி வேர் நஞ்சு. பதப்படுத்தியதைக்கூடக் கஷாயத்தில் மற்ற சரக்குகளுக்கு முன்பாகத் தனியே நெடுநேரம் கொதிக்கவிட்ட பிறகுதான் சேர்க்கிறார்கள்.

நோயறிதல் வகுப்பில் நாக்கை நீட்டச் சொன்னால், அன்று காலை நாக்கு வழிக்காமல் போங்கள். நம் வழக்கப்படி வழித்துவிட்டுப் போனால் நாக்கின் மேல் பார்க்க வேண்டிய பூச்சே இருக்காது. காபியும் வேண்டாம், நிறம் ஏறிவிடும். நாடியில் 28 வகையையும் பெயரளவில் படித்துவிடலாம், விரலுக்குத் தெரிய வருடங்கள் ஆகும். மாடிப்படி ஏறிய நண்பனின் மணிக்கட்டையும், சாப்பிட்டு முடித்தவனின் மணிக்கட்டையும் பிடித்துப் பாருங்கள். இப்போதைக்கு அது போதும்.

ஒரு பெரிய கவலை மொழி. எச்.எஸ்.கே. என்ற சீன மொழித் தேர்வின் 4-ஆம் நிலைச் சொற்பட்டியலில் நாக்குப் பூச்சு என்ற சொல்லே கிடையாது. அந்தச் சான்றிதழை நம்பி முதல் வகுப்பில் உட்கார்ந்தால் திகைப்புதான். வெளிநோயாளர் பிரிவில் ஆசிரியரின் பக்கத்தில் உட்கார்ந்து மருந்துச்சீட்டைப் படியெடுக்கும்போது இன்னும் கஷ்டம், பாட்டிமார்கள் சிச்சுவான் பேச்சில்தான் சொல்வார்கள். அங்கேயும் எனக்குக் கைகொடுத்தது ஒரு பாட்டு. பத்துக் கேள்விப் பாட்டு: முதலில் குளிரா சூடா, அடுத்து வியர்வை, மூன்றாவது தலையும் உடம்பும், நான்காவது மலசலம், ஐந்தாவது சாப்பாடு. ஆசிரியர்கள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் கேட்கிறார்கள். எந்தக் கேள்வி நடக்கிறது என்று தெரிந்தால், பாதிப் பேச்சு புரியாவிட்டாலும் பதிலைப் பிடித்துவிடலாம்.

மறுதேர்வு எழுதுகிறவர்கள் புத்தகத்தை முதலிலிருந்து புரட்ட வேண்டாம். பாடத்திட்டத்தில் 'முழுமையாகத் தெரிந்திருக்க வேண்டும்' என்று குறித்திருக்கும் கலவைகளின் பாட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போவதானால், டிக்கெட் போடும் முன் மறுதேர்வுத் தேதியையும் உங்கள் தங்கும் அனுமதி முடியும் தேதியையும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் நேரில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.