பெட்டி செத்துப்போச்சு

ஜூலை 18
காலை ஆறு மணிக்கே காற்றாலையிலிருந்து அண்ணாச்சி போன். "தம்பி, ஒங்க பெட்டி ராத்திரி நாலு தடவ செத்துப்போச்சு." சாகலை அண்ணாச்சி, தொண்டைதான் அடைச்சிருக்கு என்று சொல்ல வந்து, பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். லாக், அதாவது பெட்டி எழுதும் பதிவுகள், ஏறும் நேரத்தில்தான் தொடர்பு விழுகிறது.

ஜூலை 19
பாப்பாவுக்கு 102.

ஜூலை 20
கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து மருந்துச்சீட்டின் பின்பக்கம் போட்ட கணக்கு: பெட்டியிலிருந்து ரேடியோ மோடத்துக்குப் போகும் சீரியல் கம்பியின் வேகம் நொடிக்கு 115200 பிட். 1500 பைட் லாக் பாக்கெட் ஒன்று வெளியேற 130 மில்லிசெகண்ட். முன்னால் ஐந்து நின்றால் 650. உயிரோடிருக்கிறேன் என்று பெட்டி அனுப்பும் துடிப்பு 500 தாண்டினால் அங்கே அண்ணாச்சியின் திரை சிவப்பு.

ராத்திரி துடிப்பு சாக்கெட்டுக்கு எஸ்ஓ_பிரையாரிட்டி, அதாவது வரிசையில் முன்னுரிமை, 6 போட்டேன். பிழை எதுவும் வரவில்லை. மறுபடியும் 650.

ஜூலை 21
பெட்டிக்குள் ஓடும் ஓஎஸ் ஜெஃபிர். அதன் கான்ஃபிக்கில் டிஎக்ஸ் (அனுப்பும் பக்கம்) டிராஃபிக் கிளாஸ் எண்ணிக்கை 1. இருப்பதே ஒரு க்யூ. 6 போட்டால் என்ன, 60 போட்டால் என்ன! 8 ஆக்கினேன், நிரலைக் கோர்க்கும் லிங்க்கர் ரேம் போதாது என்றது. க்யூவுக்கு ஒரு த்ரெட், த்ரெட்டுக்கு ஒரு ஸ்டாக் (அதற்கென ஒதுக்கும் ரேம்). நாங்கள் வைத்திருக்கும் 1500 வீதம் 12,000 பைட். 2 போதும்: 0 முதல் 3 வரை கீழ் க்யூ, 4 முதல் 7 வரை மேல்.

புதுப் பையன் லாகுக்கு 1 போட்டிருந்தான். "0க்கு மேல இருக்கட்டும்னு சார்." 1 என்பது பேக்ரவுண்ட், 0க்கும் கீழே. இந்தக் கோணல் 802.1க்யூ என்ற நெட்வொர்க் தரநிலைக் காலத்திலிருந்தே அப்படித்தான். இரண்டு க்யூவில் ரெண்டும் ஒரே இடம் என்பதால் தப்பித்தான்.

ஜூலை 22
101. கஞ்சி வேண்டாமாம். அண்ணாச்சி மூன்று முறை.

ஜூலை 23
விடியற்காலை 2 மணி. இன்னும் விழுகிறது, முன்னைவிட மோசம். ஷெல்லில் 'நெட் மெம்' அடித்து மிச்சமிருக்கும் இடத்தைப் பார்த்தேன். டிஎக்ஸ் பாக்கெட் மிச்சம் 0. பாக்கெட்டுக்கு இடம் எடுக்க ரெண்டு க்யூவுக்கும் பொதுவாக ஒரே பூல்; லாக் அத்தனையையும் வாரிக்கொள்கிறது. துடிப்புக்கு முதல் பந்தியில் இடம் இருக்கிறது, இலைதான் இல்லை. மூன்று நாளாக க்யூவையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

லாக் ஒரு நேரத்தில் ரெண்டு பாக்கெட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது, துண்டும் 300 பைட்டுதான். கம்பியில் ஏறிவிட்ட பாக்கெட்டை யாரும் முந்த முடியாது. முன்னால் சிக்கினாலும் 26 மில்லிசெகண்டோடு போகும்.

ஜூலை 24
லேபில் ராத்திரி முழுக்க ஓட்டினேன். துடிப்பின் அதிகபட்ச இடைவெளி 129. நெற்றி குளிர்ந்திருக்கிறது, தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

போர்டு இருப்பதோ முப்பந்தலில், காற்றாலை உச்சியில். ஆடிக் காற்றில் ஆளை ஏற விடமாட்டார்களாம். ஜெஃபிர் என்றால் கிரேக்கத்தில் மேற்குக் காற்று. பெயர் வைத்தவன் வாழ்க.

ஜூலை 25
காற்று.

ஜூலை 26
"கொஞ்சம் அடங்கியிருக்கு தம்பி, ஏழு மணிக்குப் பையன் ஏறுறான்." போனை சார்ஜில் போட்டுவிட்டு, லேப்டாப்பில் அந்தச் சிவப்புத் திரையைத் திறந்து