ஷிப்ட் அறிக்கையிலிருந்து தொடங்கும் சுரங்க மேலாண்மை

மேலாளர் தகுதித் தேர்வுக்குப் படிக்கும் இளம் பொறியாளர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது என்பதுதான். பாறை இயக்கவியல், காற்றோட்டம், சட்டம், செலவுக் கணக்கு என்று அவர்கள் அடுக்கும்போது, முந்தைய ஷிப்டின் அறிக்கைப் புத்தகத்தை முதலில் வாசிக்கப் பழகுங்கள் என்று நான் சொல்வது அவர்களுக்கு ஏமாற்றமாகவே இருக்கும். தொழிற்சாலையில் இயந்திரங்கள் நேற்று நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கும். சுரங்கத்திலோ பணியிடமே நகர்ந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் கூரையின் அகலமும், காற்றின் பாதையும், நீரின் போக்கும் சற்றே மாறுகின்றன. மேலாளர் நேற்றுக் காலையில் கண்ட முகப்பு, அதாவது வெட்டு நடக்கும் பாறைச் சுவர், இன்று இல்லை. ஆகவே அவர் தம் கண்ணால் கண்டதைவிடப் பிறர் கண்டு எழுதியதை வைத்துத்தான் பெரும்பாலான முடிவுகளை எடுக்கிறார். அந்த எழுத்து பொய்யானால் அவர் கற்ற பாறை இயக்கவியலால் பயனில்லை.

2010 ஏப்ரலில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் அப்பர் பிக் பிராஞ்ச் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 29 பேர் இறந்தனர். நிறுவனத்தின் உள் ஏட்டில் எழுதப்பட்டிருந்த சில ஆபத்துகள், சட்டப்படி வைக்க வேண்டிய ஆய்வுப் பதிவேட்டில் எழுதப்படவில்லை என்பது பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்டது. இரண்டு ஏடுகள் வைத்திருந்த சுரங்கத்தில் ஆபத்தைக் கண்டறியும் திறமைக்குக் குறைவில்லை என்பதே இதில் என்னை மிகவும் உறுத்தும் செய்தி.

அறிக்கையில் முதலில் தேட வேண்டியது காற்று. மீத்தேன் காற்றில் ஏறத்தாழ 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போது வெடிக்கும். காற்றைவிட இலேசானதால் அது கூரையை ஒட்டித் தங்கும். எனவே இடுப்பு உயரத்தில் கருவியைப் பிடித்து எடுத்த அளவு நிம்மதி தருமே தவிர, நிலவரத்தைக் காட்டாது. நிலக்கரித் தூசி இதைவிடவும் கொடியது. 1906-இல் பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் 1,099 உயிர்களைக் கொண்டுபோன வெடிப்பு, தூசி வழியாகவே சுரங்கம் முழுவதும் பரவியது. அப்படிப் பரவாமல் தடுக்க, படிந்த தூசியின்மேல் சுண்ணாம்புக்கல் பொடியைத் தூவுவது அலுப்பூட்டும் வேலை என்பதால், உற்பத்தி நெருக்கடி வரும்போதெல்லாம் முதலில் தள்ளிப்போடப்படுவதும் அதுவே. 1815-இல் உருவான, வாயு பற்றாதபடி சுடரைக் கம்பி வலையால் மூடிய டேவியின் பாதுகாப்பு விளக்கையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். வாயு மிகுதியால் கைவிடப்பட்டிருந்த பகுதிகளில் மீண்டும் இறங்கி வேலை செய்யும் துணிவை அந்த விளக்கே தந்தது. புதிய கருவி ஒன்று வந்ததும் பழைய எச்சரிக்கையைத் தளர்த்தும் பழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

காற்றோட்டத்தில் ஒரு கணக்கை மட்டும் மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. ஒரே பாதையில் இருமடங்கு காற்றை அனுப்ப நான்கு மடங்கு அழுத்தமும் எட்டு மடங்கு மின்திறனும் வேண்டும். காற்று போதவில்லை என்று புகார் வந்தவுடன் பெரிய விசிறி கேட்டுக் கடிதம் எழுதும் மேலாளர், இடிபாடு விழுந்து குறுகிப்போன, காற்று வெளியேறும் திரும்புபாதையைச் சீர்செய்தாலே போதும் என்பதையும், காற்றை முகப்புக்குத் திருப்பும் திரைகள் கிழிந்திருந்தால் அவற்றின் வழியாகப் பாதிக் காற்று முகப்பை அடையாமலே திரும்பிவிடுகிறது என்பதையும் பெரும்பாலும் நடந்து பார்த்திருக்க மாட்டார்.

அடுத்தது தூண், அதாவது கூரையைத் தாங்குவதற்காக வெட்டாமல் விட்டுவைக்கும் பகுதி. மையத்துக்கு மையம் 24 மீட்டர் இடைவெளியில் அமைந்த 18 மீட்டர் சதுரத் தூண்களையும், அவற்றுக்கிடையே 6 மீட்டர் அகலமுள்ள பாதைகளையும் எண்ணிப் பாருங்கள். பாதையை அகலப்படுத்துவதாகச் சொல்லித் தூணின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மீட்டரைச் செதுக்கினால், தூணின் பரப்பு 324 சதுர மீட்டரிலிருந்து 256 ஆகக் குறைந்து, அதன்மேல் வரும் அழுத்தம் சுமார் 27 சதவீதம் கூடுகிறது. தூண் மெலிவதால் அதன் தாங்குதிறனும் சேர்ந்து குறையும். அன்றைக்கு எதுவும் நடக்காது. கூடுதல் டன் கணக்கில் ஏறும், பாராட்டும் வரும். 1960 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் கோல்புரூக் சுரங்கத்தில் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கி 400-க்கும் மேற்பட்டோர் புதையுண்டனர். ஒரு தூண் விடும் சுமையை அடுத்த தூண் ஏற்க வேண்டியிருப்பதால் இத்தகைய சரிவு ஓரிடத்தில் நிற்பதில்லை. தூணின் வலிமையைக் கணிக்க சாலமனும் மன்றோவும் 1967-இல் வெளியிட்ட சூத்திரம் அந்தப் பேரழிவைத் தொடர்ந்த ஆய்வில் பிறந்தது.

நீரைப் பொறுத்தவரை சர்வேயரின் வரைபடம்தான் மேலாளரின் கண். 2002 ஜூலையில் பென்சில்வேனியாவின் குவேகிரீக் சுரங்கத்தில், பக்கத்திலிருந்த கைவிடப்பட்ட பழைய சுரங்கத்தை உடைத்துவிட்டதால் வெள்ளம் புகுந்து ஒன்பது பேர் சிக்கினர். அவர்கள் கையிலிருந்த வரைபடம் அந்தப் பழைய சுரங்கத்தின் இறுதி எல்லையைக் காட்டவில்லை. சுமார் 77 மணி நேரத்துக்குப் பிறகு ஒன்பது பேரும் உயிருடன் மீட்கப்பட்டனர். பழைய சுரங்க வெட்டுகளை நெருங்கும்போது முன்துளையிட்டுப் பார்த்து முன்னேறும் விதி, வரைபடத்தை முழுதாக நம்பக்கூடாது என்பதற்காகவே இருக்கிறது.

செலவையும் உற்பத்தியையும் பற்றிப் பாடநூல்கள் நிறையவே சொல்கின்றன. அதிகம் பேசப்படாத ஒன்றை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன். டன்னுக்கு 5 கிராம் தங்கமுள்ள 100 டன் தாதுவோடு 20 டன் வெறும் பாறை கலந்துவிட்டால், ஆலைக்குப் போவது ஏறத்தாழ 4.2 கிராம் தரமுள்ள 120 டன். மேலேற்றிய எடையின் பலகையில் அந்த ஷிப்ட் 20 சதவீதம் கூடுதலாகச் சாதித்ததாகத் தெரியும்; உண்மையில் ஒரு கிராம் தங்கமும் கூடவில்லை, வெறும் கல்லை உடைத்து, ஏற்றி, அரைத்த செலவு மட்டுமே கூடியது. எடையை மட்டும் வைத்து ஊக்கத்தொகை வழங்கும் திட்டங்களை நான் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இதுவே காரணம்.

இவை அனைத்தும் ஆட்களின் வழியாகத்தான் மேலாளரை வந்தடைகின்றன. நான் உதவி மேலாளராக இருந்த ஒரு சுரங்கத்தில், கூரையில் விரிசல் கண்டு பணியை நிறுத்திய மேற்பார்வையாளரிடம், இழந்த டன்களைப் பற்றித்தான் முதலில் விசாரித்தார்கள். விசாரித்தவர்களில் நானும் ஒருவன். அதற்குப் பின் பல வாரங்கள் அவருடைய பகுதியிலிருந்து வந்த அறிக்கைகள் எல்லாவற்றிலும் "நிலைமை சீர்" என்ற இரண்டே சொற்கள் இருந்தன. அந்தச் சொற்களை மாற்றுவதற்கு, நான் தினமும் அந்தப் பகுதிக்கே போய், அவரோடு சேர்ந்து கூரையைத் தட்டிப் பார்த்து, அவர் சொல்வதை அவர் எதிரிலேயே எழுதி ஒப்பமிட வேண்டியிருந்தது.

பொறுப்பேற்ற முதல் வாரத்தில் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, இரண்டாவது வெளியேறும் வழியை அடிமுதல் மேல்வரை நடந்து பாருங்கள் என்பதே. 1862 ஜனவரியில் இங்கிலாந்தின் ஹார்ட்லி சுரங்கத்தில் நீரேற்று இயந்திரத்தின் பெரிய உத்திரம் முறிந்து, அங்கிருந்த ஒரே இறங்குகுழியை அடைத்துவிட, 204 ஆண்களும் சிறுவர்களும் கீழேயே மாண்டனர். அதே ஆண்டில் இரண்டு வழிகளைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. இன்று வரைபடத்தில் இரண்டு வழிகள் இல்லாத நிலத்தடிச் சுரங்கம் ஏற்கப்படுவதில்லை. நான் மேலாளராகப் பொறுப்பேற்ற சுரங்கத்திலும் வரைபடத்தில் இரண்டு இருந்தன. தலைவிளக்கோடு அந்த இரண்டாவது வழியில் ஏறத் தொடங்கியபோது, பாதி தூரத்தில் ஏணியின் நான்கு படிகள் துருப்பிடித்து உதிர்ந்திருந்தன. அந்த வழியின் மாதாந்திர ஆய்வுப் படிவத்தில் "நிலைமை சீர்" என்று எழுதி ஒப்பமிட்டிருந்தது.