குறைந்தது

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்த விதி இது: பலி எண்ணிக்கைக்கு முன்னால் ‘குறைந்தது’ போட மறக்கக் கூடாது. சர்வதேசப் பக்கத்துக்கு ஏஜென்சிகள் அனுப்பும் செய்திகளைத் தமிழாக்கி, சுருக்கி, தலைப்பு வைத்துக் கொடுப்பது என் வேலை. இருபத்து நான்கு வருடங்களாக அதைத்தான் செய்கிறேன். குண்டுவெடிப்போ விமானத் தாக்குதலோ, முதல் தகவலில் வரும் எண் எப்போதும் நிற்காது. இடிபாடுகளை அப்போதுதான் அகற்றத் தொடங்கியிருப்பார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்களில் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ‘குறைந்தது 40 பேர் பலி’.

மூன்றாவது மாதமே இந்தச் சொல்லால் ஒரு பெரிய தவறு செய்தேன். பக்கம் முடிக்கிற அவசரம். தலைப்புக்கு இடம் பற்றவில்லை. ‘மோதலில் பலி குறைந்தது 40’ என்று ஒடித்து வைத்தேன். நாற்பதுக்குக் குறையாமல் என்பதுதான் என் மனதில் இருந்தது. மறுநாள் ஒரு வாசகர் போன் செய்தார். வயதான குரல். “அங்கே சண்டை தணிஞ்சிடுச்சாம்மா? பலி குறைஞ்சதுன்னு போட்டிருக்கீங்களே” என்றார். அவருடைய மகன் அந்த நாட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாகத் தொடர்பு இல்லையாம். “இல்லைங்க ஐயா, அது நான் செய்த தப்பு. சண்டை நடந்துகொண்டுதான் இருக்கிறது” என்று சொன்னேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. அப்புறம் “சரிம்மா” என்று வைத்துவிட்டார். மகன் என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. நம்பரையும் வாங்கி வைக்கவில்லை.

அன்றிலிருந்து அந்தச் சொல்லைப் பார்க்காமல் என்னால் கடந்து போக முடிவதில்லை. ‘இத்தனைக்குக் குறையாமல்’ என்பதற்கும் ‘முன்னைவிட இறங்கியது’ என்பதற்கும் தமிழில் ஒரே சொல்தான்.

நான் பார்க்கும் வேலை தெரிந்ததும் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: உலகத்தில் வன்முறை கூடுகிறதா, குறைகிறதா? கேட்ட கையோடு அவர்களே பதிலும் சொல்லிவிடுவார்கள், கூடிக்கொண்டுதான் போகிறது என்று. முதல் பத்து வருடம் நானும் தலையாட்டினேன். ஒரு நாளைக்கு இருபது சாவுச் செய்தி படிக்கிற ஆளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

தலையாட்டுவதை நிறுத்தியது, மோதல் சாவுகளை ஆண்டுவாரியாக ஒரு கோடாக வரைந்து காட்டும் படத்தைப் பார்த்த பிறகு. ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் உலகம் முழுவதும் நடக்கும் மோதல்களையும் சாவுகளையும் பதிவு செய்கிறார்கள். ஒரு பக்கமாவது அரசாக இருந்து, ஓராண்டில் 25 பேராவது சண்டையில் இறந்தால் அதை ஆயுத மோதல் என்று கணக்கில் சேர்ப்பார்கள். 1994-இல் ருவாண்டாவில் நூறே நாளில் சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டதால் அந்த இடத்தில் கோடு செங்குத்தாக ஏறுகிறது. பிறகு இறங்கி, 2005-ஐ ஒட்டி மிகத் தாழ்வாகக் கிடக்கிறது. எனக்கு அதை நம்பவே முடியவில்லை. அந்த வருடங்கள் நன்றாக நினைவிருக்கின்றன. தினமும் இராக், தினமும் கார் குண்டு. என் பணிக்காலத்திலேயே கொடிய வருடங்கள் அவைதான் என்று நினைத்திருந்தேன். கணக்கில் அவை இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில் போர்ச் சாவு குறைவாகப் பதிவான ஆண்டுகளுள் சேர்ந்தவை.

அதன்பின் கோடு மறுபடி ஏறியது. முதலில் சிரியா. 2022-இல் ருவாண்டாவுக்குப் பிறகு அதுவரை இல்லாத உச்சம்: 2023-இல் வெளியான கணக்குப்படி சுமார் 2.37 லட்சம் சாவுகள். 2024-இல் அரசுகள் சம்பந்தப்பட்ட மோதல்கள் மட்டும் 61. 1946-இலிருந்து வைத்திருக்கும் கணக்கில் அதுவரை ஒரே ஆண்டில் இத்தனை இருந்ததே இல்லை.

அந்த 2022 பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அந்த ஆண்டின் மிகக் கொடிய போர் எது என்று யாரைக் கேட்டாலும் உக்ரைன் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். உப்சாலா கணக்கில் உக்ரைனில் 80,000-க்கு மேல். எத்தியோப்பியாவில், பெரும்பாலும் அதன் வடக்கே டிக்ரே பகுதியில் நடந்த போரில், 1 லட்சத்துக்கு மேல். இதைப் படித்த அன்று இரவு வேலை முடிந்ததும் எங்கள் பழைய பக்கங்களை எடுத்துப் பார்த்தேன். 2022 அக்டோபர் மாதம். உக்ரைன் எல்லா நாளும் இருந்தது, பல நாள் வரைபடத்தோடு. டிக்ரே நான்கு முறை வந்திருந்தது. நான்கும் பக்கத்தின் அடியில் ஒற்றைப் பத்தித் துணுக்கு. நான்கையும் எழுதியது நான்.

காரணம் சொல்லலாம். 2020 நவம்பரில் சண்டை தொடங்கியதும் அங்கே தொலைபேசியும் இணையமும் துண்டிக்கப்பட்டன. நிருபர்கள் உள்ளே போக முடியவில்லை. ஏஜென்சியிலிருந்து செய்தி வந்தால்தானே நான் போட முடியும்? ஆனால் இந்தக் காரணம் என்னை இன்னொரு இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. உப்சாலாவில் எண்ணுகிறவர்களும் பெரும்பாலும் செய்தி அறிக்கைகளை வைத்துத்தான் எண்ணுகிறார்கள். என் மேஜைக்கு வரும் அதே வகைச் செய்திகள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் மூன்று எண் குறித்துக்கொள்கிறார்கள்: குறைந்த மதிப்பு, நம்பத்தக்க மதிப்பு, உயர்ந்த மதிப்பு. தங்கள் எண் உண்மையைவிடத் தாழ்வாக இருக்கலாம் என்று தெரிந்தே வேலை செய்கிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நிருபர் போகாத ஊரில் செத்தவர் பலரும் இந்த மூன்று எண்ணிலும் விழுவதில்லை. பட்டினியிலும் மருந்தில்லாமலும் செத்தவர்கள் சண்டைச் சாவில் சேருவதே இல்லை. இந்த ஓட்டைகள் எல்லா ஆண்டிலும் ஒரே அளவில் இருப்பதும் இல்லை. ஆக, கோடு எங்கே இறங்கினாலும், இது உண்மையிலேயே குறைந்ததா, அல்லது நாம் பார்த்தது குறைந்ததா என்று கேட்காமல் என்னால் இருக்க முடியாது.

எண்ணுகிறவர்கள் என்றால் எனக்கு லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் நினைவுக்கு வருவார். இங்கிலாந்தில் 1881-இல் பிறந்தவர், வானிலை விஞ்ஞானி, போரில் ஆயுதம் எடுக்க மறுக்கும் குவேக்கர் சமயத்தவர். முதல் உலகப் போரில் பிரான்ஸில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். காயம்பட்டவர்களை ஏற்றி இறக்கும் வேலைக்கு நடுவே, வைக்கோல் குவியல்தான் மேஜையாக, கணக்குப் போட்டு வானிலையைச் சொல்ல முடியுமா என்று கையால் கணித்துப் பார்த்தார். போருக்குப் பிறகு வானிலைத் துறை விமானப் படையை நடத்தும் அமைச்சகத்தின் கீழ் போனதும் வேலையை விட்டுவிட்டார். அப்புறம் அவர் எண்ணத் தொடங்கியது சண்டைகளை. 1820 தொடங்கி மனிதன் மனிதனைக் கொன்ற சம்பவங்கள் கிடைத்தவரை எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் வைத்தார். ஒருவர் கொல்லப்பட்டால் 0. பத்துப் பேர் என்றால் 1. நூறு பேர் 2. ஒரு கோடி பேர் 7. தெருவில் நடந்த கொலையும் உலகப் போரும் ஒரே கோலின் இரு முனைகள்.

அவர் கண்டது என்னைத் திகைக்க வைத்தது. சாவுகள் அந்த இரண்டு முனைகளிலும்தான் குவிந்திருந்தன. இரண்டு உலகப் போர்கள் ஒரு பக்கம், தனித்தனிக் கொலைகள் மறுபக்கம். நடுவில் இருக்கும் மோதல்கள் எல்லாம் சேர்ந்தும் மொத்தச் சாவில் கால் பங்குக்கும் குறைவு. என் பக்கம் நிரம்புவதோ அந்த நடுப்பகுதியால்.

ஒற்றைக் கொலைகள் சர்வதேசப் பக்கத்துக்கு வராது. 2021-இல் உலகத்தில் கொலையானவர்கள் சுமார் 4.58 லட்சம் பேர் என்கிறது ஐ.நா. கணக்கு. அந்த ஆண்டுப் போர்ச் சாவுகளைவிட இது மிக அதிகம். 2022-இல் கொலையான பெண்கள், சிறுமிகள் சுமார் 89,000 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது கணவன், காதலன் அல்லது வீட்டில் இன்னொருவர். நீண்ட கால அளவில் பார்த்தால் கொலை குறைந்திருக்கிறது என்பதை நான் ஏற்கிறேன். 14-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மரண விசாரணைப் பதிவுகளிலிருந்து கணக்கிட்டவர்கள் ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 20 கொலைக்கு மேல் என்கிறார்கள். இன்று அங்கே 1-ஐ ஒட்டித்தான். சட்டம், போலீஸ், நீதிமன்றம், பள்ளிக்கூடம் எல்லாம் சேர்ந்து பல தலைமுறை செய்த வேலை அது.

போர் விஷயத்தில் அப்படி உறுதியாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. வல்லரசுகள் கொரியப் போர் முடிந்த 1953-க்குப் பிறகு நேருக்கு நேர் பெரிய போரில் மோதவில்லை, உண்மை. ஆனால் ஆரோன் கிளாசெட் என்ற ஆய்வாளர் 2018-இல் கணக்கிட்டுச் சொன்னார்: இந்த அமைதி இன்னும் 100 முதல் 140 வருடம் நீடித்தால்தான் இது உண்மையான மாற்றம் என்று புள்ளியியல்படி சொல்ல முடியும். அதுவரை இது நீண்ட இடைவெளியாகவும் இருக்கலாம்.

இப்போது எனக்குள் பெரிதாக நிற்பது வேறொன்று. பள்ளியில் தன்வினை, பிறவினை படித்திருப்போம். ‘குறைந்தது’ என்றால் தானாக நடந்தது. ‘குறைத்தார்கள்’ என்றால் செய்த ஆள் உண்டு. 2003 ஆகஸ்டில் மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவின் அமைதி உடன்படிக்கை கையெழுத்தானபோது ‘லைபீரியாவில் வன்முறை குறைந்தது’ என்று எழுதியவள் நான். 14 வருட உள்நாட்டுப் போரின் ரத்தம். அது தானாகவா குறைந்தது? கானா நாட்டுத் தலைநகர் அக்ராவில் பேச்சுவார்த்தை வாரக்கணக்கில் இழுத்தபோது, லேமா போவீ என்ற லைபீரியப் பெண்ணின் தலைமையில் வெள்ளை உடை அணிந்த பெண்கள் போய் மண்டப வாசலில் கைகோத்து உட்கார்ந்துவிட்டார்கள். உடன்படிக்கை இல்லாமல் உள்ளே இருப்பவர் யாரும் வெளியே போக முடியாது என்றார்கள். காவலர்கள் கைது செய்ய வந்தபோது, அங்கேயே உடையைக் களைவேன் என்றார் போவீ. காவலர்கள் பின்வாங்கினார்கள். கையெழுத்தானது அதன் பிறகுதான். என் வாக்கியத்தில் அந்தப் பெண்கள் இல்லை. ஒரே ஒரு ‘த்’ இல்லாததால் அவர்கள் காணாமல் போனார்கள்.

இன்னொரு குறைத்தலும் உண்டு. 1994 ஏப்ரல் 21. ருவாண்டாவில் கொலைகள் தொடங்கி இரண்டு வாரம். ஐ.நா. பாதுகாப்பு சபை அங்கிருந்த அமைதிப் படையை 270 பேராகக் குறைத்தது. அதையும் ஆட்கள்தான் செய்தார்கள், கை தூக்கி வாக்களித்து.

அதனால் கூடுகிறதா குறைகிறதா என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. கேட்பவர் மேல் அல்ல, வெயில் மழையை விசாரிக்கிற மாதிரி அந்தக் கேள்வி அமைந்திருப்பதன் மேல்.

2025 ஜூனில் அந்த 61 மோதல்கள் பற்றிய செய்தி வந்த இரவு, டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பியிடம் கொடுத்தேன். எழுதிக்கொண்டு வந்தான். ‘உலகில் மோதல்கள் அதிகரித்தன’ என்று தொடங்கியிருந்தான். “யாருடா அதிகரிச்சது?” என்று கேட்டேன். விழித்தான். “36 நாடுக்கா. எல்லார் பேரையும் போட இடம் இல்லையே” என்றான். ஐந்தாறு பெயராவது போடு என்று மற்ற செய்திகளை வெட்டி இடம் கொடுத்தேன்.

அதற்குள் ஒரு தாக்குதல் செய்தி வந்தது. குறைந்தது 11 பேர். அவன் தலைப்பு வைத்தான். சொல் எந்த இடத்தில் விழுகிறது என்று இரண்டு முறை பார்த்துவிட்டுப் பக்கத்தை அனுப்பினேன். வீட்டுக்குக் கிளம்பும்போது திரையில் 19 ஆகியிருந்தது.